எதைக் கொட்டினாலும் தெரியாத தரை

டைல்ஸ் கடைக்கு டிபன் கேரியர் தூக்கிக்கொண்டு போன முதல் ஆள், திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை, லலிதாம்பாளாகத்தான் இருப்பாள். மற்றவர்கள் காரில் வந்து இறங்குவார்கள், கண்ணைப் பறிக்கிற மாதிரி எது பளபளக்கிறதோ அதைக் கைகாட்டிவிட்டுப் போவார்கள். இவள் ஸ்ரீவராகத்திலிருந்து ஆட்டோ பிடித்துக் கிள்ளிப்பாலத்தில் இறங்கினாள். கடைக்குள் நுழைந்து, மூன்றடுக்குக் கேரியரை மேஜைமேல் வைத்து, ஒவ்வொரு கிண்ணமாகப் பிரித்தாள். ஒன்றில் காப்பி டிகாக்‌ஷன், ஒன்றில் மஞ்சள் தூக்கலாகப் போட்ட ரசம், இன்னொன்றில் நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம்.

"மாமி, ஊணு இங்கயே கழிக்கப் போறீங்களோ?" என்று மலையாளம் கலந்து கேட்டான் விஜய்குமார். சாப்பாடு இங்கேதானா என்று அர்த்தம். மார்த்தாண்டத்துக்காரன். தமிழ் பேசிக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் அந்தக் கடையில் அவன் பக்கம்தான் தள்ளிவிடுவார்கள்.

"ஊணு எனக்கில்லைடா, உன் டைலுக்கு. வரிசையா எடுத்து வை. எது எதைத் தின்னுட்டு முழிக்கறதுன்னு பாக்கறேன்."

வெள்ளை டைல், கொட்டிய மூன்றையும் காட்டிக்கொடுத்தது. பாதாம் நிறத்தில் ரசம் வட்டம் போட்டது. பச்சையில் குங்குமம் ஈஷிக்கொண்டு நின்றது. துடைத்தால் போய்விடும்தான். ஆனால் வாடகைக்கு வருகிறவர்கள் துடைப்பார்கள் என்று யார் கண்டது? கடைசியாக மூலையில் அடுக்கியிருந்த ஒன்றைக் காட்டினாள். கறுஞ்சிவப்பு, அதில் மிளகைத் தட்டிப் போட்ட மாதிரி கறுப்புப் புள்ளிகள். அதன்மேல் மூன்றையும் கவிழ்த்தாள். ஈரம் காய்ந்ததும் குனிந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"எதைக் கொட்டினாலும் தெரியாது மாமி, கேட்டோ. இறைச்சிக் கடைக்காரங்க எல்லாம் இதைத்தான்..." என்று ஆரம்பித்த விஜய்குமார், ஒன்பது கஜப் புடவையைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினான்.

மின்விசிறிக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் கல்யாணராமன் எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் இருட்டா இருக்கே லலிதா."

"குடி வரவா லைட்டைப் போட்டுக்கட்டும். நாமளா இருக்கப் போறோம்? வாடகைக்குத்தானே."

இந்த 'வாடகைக்குத்தானே' அந்த வருஷம் முழுக்க அவள் வாயில் மந்திரம் மாதிரி புழங்கியது. இரண்டாயிரத்து ஒன்றில் வங்கி விருப்ப ஓய்வு கொடுத்தபோது கல்யாணராமன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பணத்தை என்ன செய்வது என்று இரண்டு பேரும் விழித்துக்கொண்டிருந்தபோது, பெங்களூரில் இருந்த மகன் வெங்கிடேஷ் போனில் சொன்னான். "அப்பா, இன்வெஸ்ட்மென்டா ஒரு பழைய வீடு வாங்கிப் போடுங்கோ. டெக்னோபார்க் வளர வளர வாடகை ஏறிண்டே போகும்." அதே ஸ்ரீவராகத்தில், அவர்கள் இருந்த பூர்வீக வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. ஓடு சரிந்து, சுவர் உப்பிக் கிடந்தது. வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டது கல்யாணராமன், எஜமானி லலிதாம்பாள்.

அவள் எஜமானி ஆனதில் ஒரு பழைய கணக்கு இருந்தது. கணவரின் வேலை மாற்றத்தோடு பாலக்காடு, கோட்டயம், ஆலப்புழை, நாகர்கோவில் என்று பெட்டியும் பாத்திரமுமாக அலைந்தவள் அவள். எல்லா ஊரிலும் வாடகை வீடு. கோட்டயத்தில் வீட்டுக்காரி ஒருத்தி, அடுக்களைச் சுவரில் தெறித்த மஞ்சளை நகத்தால் சுரண்டி, பக்கத்து வீட்டாரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். ஆலப்புழையில் காலி பண்ணுகிற அன்று வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே அறை அறையாகப் போனார்; அவர் பின்னால் இவள் இடுப்பில் குழந்தையோடு குற்றவாளி மாதிரி நடந்தாள். சின்ன வயசில் பட்ட அவமானம், ஆறவே இல்லை. இப்போது வீட்டுக்காரி நாற்காலி தனக்கு வந்திருக்கிறது என்பதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அதை ஏன் மறைக்க வேண்டும்?

வேலையை எடுத்தது தாசையன் என்ற காண்ட்ராக்டர். நெய்யாற்றின்கரையில் வீடு, குழித்துறைப் பக்கத்துப் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் அவர் வந்து கேட்பார், அவள் தீர்ப்புச் சொல்வாள். அடுக்களை மேடைக்குக் கிரானைட்டா? கடப்பைக்கல் போதும். குழாய் பித்தளையா? பிளாஸ்டிக் போதும். ஆனால் வெங்கிடேஷ் சொன்னபடி படுக்கையறையோடு ஒட்டி ஒரு பாத்ரூம், அதில் உட்கார்ந்து போகிற வெளிநாட்டுக் கோப்பை. அதில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அது இருந்தால்தானே டெக்னோபார்க்காரன் திரும்பிப் பார்ப்பான்! பழைய நிலைவாசல் கட்டைகளை எல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டுத் தரையை ஒரே மட்டமாக்கினார்கள். பாத்ரூம் தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்க, அங்கே மட்டும் ஒரு சின்ன வரம்பு. அந்த வரம்பின்மேல் அறுத்த டைல் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள்.

"அம்மா, அறுத்த எட்ஜ் ஒரு மாதிரி கூரா நிக்குது பாத்துக்கிடுங்க. மிஷின் வச்சு உரச்சு விடட்டா? உருட்டி விட்டா நல்ல ஃபினிஷிங்கா இருக்கும்" என்றார் தாசையன்.

"அதுக்குத் தனிக் கூலி கேப்பேளே."

"அது பின்ன கேக்காம?"

"அப்போ வேண்டாம். குடி வரவாளுக்குக் கண்ணு இருக்கு, காலைத் தூக்கி வைப்பா. வாடகைக்குத்தானே!"

தாசையன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்கும் அடுத்த வேலை கரமனையில் காத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கல்யாணராமனின் காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சர்க்கரை பல வருஷமாக இருந்தது. வங்கியில் காசாளர் கூண்டுக்குள் உட்கார்ந்தே காலம் போயிற்று. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து உள்ளங்காலில் குத்தினார். "எப்போது குத்துகிறேனோ அப்போது சொல்லுங்கள்" என்றார். கல்யாணராமன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். டாக்டர் குத்திக்கொண்டே இருந்தார். லலிதாம்பாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கல்யாணராமன் கண்ணைத் திறந்து, "எப்போ ஆரம்பிக்கப் போறேள்?" என்று கேட்டார்.

பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, காயம் பட்டால் தெரியாது, தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குள்ளும் செருப்பு போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று, கறுப்பு ரப்பரில் மெத்தென்று ஒரு ஜோடி எழுதிக் கொடுத்தார். வாங்கினார்கள். ஆனால் வாசலில் வந்து இறங்கியதும் லலிதாம்பாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "சாளக்கிராமம் இருக்கற ஆத்துல செருப்பா? நான் இருக்கற வரைக்கும் நடக்காது. வெளியில போட்டுக்கோங்கோ." வெளியில் போட அவரிடம் ஏற்கெனவே பழைய தோல் செருப்பு இருந்தது. ரப்பர் செருப்பு பெட்டியோடு செருப்பு அலமாரிக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டது. உள்ளங்காலைப் பார்க்கிற வேலையும் ஒரு வாரத்துக்குமேல் ஓடவில்லை. "உன் கையில காலைக் குடுத்துண்டு உக்கார எனக்கு வெக்கமா இருக்கு, போ" என்று அவர் இழுத்துக்கொண்டார். அவளும் விட்டுவிட்டாள், வீட்டு வேலை தலைக்குமேல் கிடந்தது.

தை மாதம் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். பால் காய்ச்சிவிட்டால் அதுவும் வீடுதான் என்பது லலிதாம்பாளின் சட்டம். வாசல் கதவில் வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. வருகிறவர்களிடம் அவள் நிபந்தனைகளை ஒப்பிப்பாள்: சுவரில் ஆணி கூடாது, மாமிசம் சமைக்கக் கூடாது, உள்ளே செருப்பு கூடாது. சொல்லும்போது கோட்டயத்து வீட்டுக்காரியின் குரல் தன் தொண்டையிலிருந்து வருவது அவளுக்கே கேட்டது. கேட்டு ரசித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கல்யாணராமனுக்கு அந்த வீடு ஒரு புது உத்தியோகம் ஆயிற்று. காலையில் பூஜை முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வாசலில் தோல் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்து வைப்பார், நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படிப்பார். பார்க்க வருகிறவர்களுக்கு அறை அறையாகக் காட்டுவார். பாத்ரூம்தான் அவருக்குப் பெருமை. அந்த வரம்பில் ஏறி நின்று குழாயைத் திருகி, "பாத்தேளா, மேல டாங்க். எப்பவும் வெள்ளம் உண்டு" என்று கொட்டுகிற தண்ணீரைக் காட்டுவார். அடுத்தவர் வந்தால் மறுபடியும் ஏறுவார். மத்தியானம் வீடு திரும்பியதும் பின்கட்டுக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். கல்யாணமான நாளிலிருந்து லலிதாம்பாள் பழக்கிய பழக்கம்.

வெள்ளிக்கிழமை மட்டும் அவள் போவாள். பூட்டிக் கிடக்கிற வீடானாலும் வெள்ளிக்கிழமை துடைத்து விளக்கேற்ற வேண்டும். மாசி பிறந்த பிறகு வந்த முதல் வெள்ளியில் கூடத்தைத் துடைத்துத் துணியை வாளியில் பிழிந்தாள். தண்ணீர் லேசாகச் சிவந்தது.

அவள் நின்றுபோனாள். மறுபடி துடைத்தாள். பாத்ரூம் பக்கத்தில் துடைத்த துணியில் சிவப்பு இன்னும் அழுத்தமாக இருந்தது. தரையைக் குனிந்து பார்த்தாள். தரை பளிச்சென்று, ஒரு கறையில்லாமல், கடையில் பார்த்த மாதிரியே இருந்தது.

"சாயம் போறதே!" என்று காலி வீட்டில் நின்று கத்தினாள்.

அப்படித்தான் அவள் புத்தி போயிற்று. வேறு எப்படிப் போகும்? அவள் குடியிருந்த வீடுகளில் எல்லாம் சிவப்பு சிமெண்டுத் தரை. புதிதாகப் போட்ட தரை மாதக்கணக்கில் நிறம் விடும். துடைக்கிற துணி சிவக்கும், குழந்தையின் முட்டி சிவக்கும், வெள்ளை வேஷ்டி சிவக்கும். நாகர்கோவிலில் அதற்காக வீட்டுக்காரரோடு சண்டை போட்டிருக்கிறாள். சிவப்புத் தரை, சிவப்புத் தண்ணீர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாளியைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டு, நேரே போய் தாசையனுக்குப் போன் போட்டாள்.

தாசையன் வந்தார். தரை துடைத்த துணியைப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டைல்ல சாயம் இளகாதும்மா. ஜாயிண்டுல அடைச்ச வெள்ளை சிமெண்டுல ரெட் ஆக்சைடு கலந்தோம்லா, அதாக்கும் சாயம் விடுது. ரெண்டு கழுவு கழுவினா நின்னுரும். ஒண்ணும் பேடிக்காண்டாம்" என்று தைரியம் சொன்னார்.

"கழுவறது என் வேலையா? ஜாயிண்டைப் பூரா சுரண்டி எடுத்துட்டு வேற அடைச்சுத் தாங்கோ. ஆசிட் போட்டு அலம்பித் தாங்கோ. நாளைக்குக் குடி வரவா, என் கால் சிவந்துதுன்னு வந்து நிப்பா!"

சொன்னபடியே ஆட்கள் வந்து சுரண்டி அடைத்தார்கள். ஆசிட் கலந்த தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். மேற்பார்வைக்கு நின்ற கல்யாணராமன், ஈரம் சரியாகக் காயும் முன்பே வெறுங்காலோடு குறுக்கே நடந்து, பாத்ரூம் வரம்பில் ஏறிக் குழாயைத் திறந்து கொடுத்தார். "நல்லா பளபளக்கறது" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அன்று அவர் முகம் வெளிறி இருந்தது. அலைச்சல் என்று நினைத்து, கோதுமைக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை துணியைப் பிழிந்தபோது தண்ணீர் முன்னைவிடச் சிவந்தது. இந்த முறை கொஞ்சம் பழுப்பும் இருந்தது.

லலிதாம்பாளுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. தாசையன் ஏமாற்றவில்லை, ஏமாற்றியது கடைக்காரன் என்று முடிவு கட்டினாள். ஈரத்துணியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு கிள்ளிப்பாலத்துக்குப் போனாள். உறையை விஜய்குமாரின் மேஜைமேல் பொத்தென்று போட்டாள்.

"எதைக் கொட்டினாலும் தெரியாதுன்னு சொன்னியே, உன் டைல் கொட்டறதே அதுக்கு என்ன சொல்றே?"

விஜய்குமார் ஒரு டைலை எடுத்து, தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, அதன்மேல் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. "பாருங்க மாமி. சூளையில வெந்த நிறமாக்கும், எங்கோட்டும் போகாது."

"அப்போ என் கண்ணு பொய்யா? இந்தத் துணி பொய்யா?"

"பொய்யுன்னு சொல்லலை மாமி. கம்பெனிக்கு எழுதிப் போடுறேன், ஆள் வந்து பாக்கும்."

கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லலிதாம்பாள் குரலை இறக்கவில்லை. இத்தனை கூத்துக்கும் நடுவில் கல்யாணராமன் அவளுக்குப் பக்கத்தில், அந்தக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். "விடு லலிதா, வீட்டுக்குப் போலாம். கொஞ்சம் தள்ளறது" என்றார். தலைசுற்றல் என்று ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தாள்.

அந்த வாரம் வீட்டில் எங்கோ ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. எலி செத்திருக்கிறது என்று உக்கிராண அறையில் மூட்டைகளை எல்லாம் நகர்த்திப் பார்த்தாள். பரண்மேல் ஆள் ஏற்றிப் பார்த்தாள். எலி கிடைக்கவில்லை. ஊதுவத்தி கொளுத்தி வைத்தாள். கல்யாணராமன் சாய்வு நாற்காலியில் படுத்தபடி, "உன் சமையல்ல ஏதோ மாத்தம்" என்று கிண்டல் பண்ணினார். குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரத்தில் காரடையான் நோன்பு வந்தது. கணவன் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று பெண்டாட்டி இருக்கிற நோன்பு. லலிதாம்பாள் ஒரு வருஷமும் விட்டதில்லை. காராமணி போட்டு வெல்ல அடை தட்டினாள், வெண்ணெய் கடைந்தாள், நுனி வாழையிலையில் வைத்து நிவேதனம் பண்ணினாள். மஞ்சள் சரட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, கணவரைக் கூப்பிட்டுக் கிழக்கே பார்த்து நிற்க வைத்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தரையில் விழுந்து, நெற்றி அவர் பாதத்தில் படுகிற மாதிரி நமஸ்காரம் செய்தாள்.

செத்த எலி அங்கே இருந்தது.

நாற்றம் மூக்கில் அடித்ததும் முதலில் அவளுக்குப் புரியவில்லை. நெற்றியை எடுத்துப் பார்த்தாள். இடது காலின் சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதற்குக் கீழே பாதத்தின் ஓரம் ஊதிப் பளபளவென்று, நாவல்பழ நிறத்தில் இருந்தது. "காலைத் தூக்குங்கோ" என்றாள். "என்னத்துக்கு?" என்றார். "தூக்குங்கோன்னா!" அவர் தூக்கினார். உள்ளங்காலில் விரல்களுக்கு அடியில் குறுக்காக ஒரு பிளவு. கத்தியால் கோடு போட்ட மாதிரி நேராக. அதன் இரண்டு உதடும் வெந்து வெளுத்திருந்தன. அந்த நேர்கோட்டை அவள் எங்கோ பார்த்திருந்தாள். எங்கே என்று அந்த நிமிஷமே தெரிந்தது. பாத்ரூம் வரம்பு.

"வலிக்கலையா? இவ்வளவு ஆயிருக்கே, வலிக்கவே இல்லையா?"

"இல்லையே" என்றார் கல்யாணராமன். குனிந்து பார்க்க முயன்றார், தொப்பை இடித்தது. "என்ன, ரொம்ப மோசமா?"

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கட்டுப் போட்டுக்கொண்டே, காயம் பட்டு எத்தனை நாளாகிறது என்று மலையாளத்தில் கேட்டார். கல்யாணராமன் தெரியாது என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. டாக்டர் லலிதாம்பாளைப் பார்த்தார். அவளுக்குத் தெரியும். மாசி முதல் வெள்ளியிலிருந்து. ரத்தம் அவளைத் தேடி வந்து வாளியில் நின்று சொல்லியிருக்கிறது. அவள் அதைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறாள். அடுத்த வாரம் அந்த மனுஷனின் ரத்தத்தை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், அவரையே பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, தரம் சரியில்லை என்று கடைக்காரனோடு சண்டை போட்டிருக்கிறாள். டாக்டரின் முன்னால் நின்று அழுதாள். மஞ்சள் சரடு கழுத்தில் ஈரம் காயாமல் கிடந்தது.

முதலில் விரல், அப்புறம் பாதம் என்று பேசினார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வெங்கிடேஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாசையன் ஆரஞ்சுப் பையோடு வந்து ஓரமாக நின்றார். "அம்மா, அண்ணைக்கு நான் அந்தத் துணியை ஒண்ணு மோந்து பாத்திருந்தா..." என்று ஆரம்பித்தார். "நீங்கோ உரசித் தரேன்னு சொன்னேள். நான்தான் வேண்டாம்னேன்" என்றாள் லலிதாம்பாள்.

கல்யாணராமனை எங்கே கொண்டு வைப்பது என்ற கேள்வி வந்தது. அவர்கள் இருந்த வீட்டில் அறைக்கு அறை முழங்கால் உயர நிலைவாசல். கக்கூஸ் பின்கட்டையும் கிணற்றடியையும் தாண்டி. ஊன்றுகோலோடு ஒரு நாள் ஓட்ட முடியாது. வெங்கிடேஷ்தான் சொன்னான். "அம்மா, புது வீட்டுக்கே போயிடுங்கோ. தரை ஒரே மட்டமா இருக்கு, ரூமோட பாத்ரூம் இருக்கு, வெஸ்டர்ன் கிளாசெட் இருக்கு. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுக்கலாம்."

எவனோ டெக்னோபார்க்காரனுக்காகச் செய்த வசதி எல்லாம் அவருக்கு என்று செய்த மாதிரியே பொருந்தியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கல்யாணராமன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நிபந்தனை எல்லாம் உண்டோன்னோ? ஆணி அடிக்கப்படாது, மாமிசம் ஆகாது. செருப்பும் இனிமே ஒண்ணுதான்." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். லலிதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தரையில் அவரைக் கொண்டுபோய் விட அவளுக்கு மனசே வரவில்லை. மறுநாள் ஒரு முடிவோடு எழுந்தாள்.

விஜய்குமார் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகலைத் தேட ஆரம்பித்தான். அவள் கையில் இந்த முறை கேரியர் இல்லை. இடுப்பிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்தாள்.

"அந்த டைல்ல தப்பில்லைடா. நீ சரியாத்தான் சொன்னே" என்றாள். "எனக்கு வேற வேணும். வெள்ளை. வழுக்காத வெள்ளை."

"வெள்ளையா? மாமி, போட்டு ஆறு மாசம்கூட ஆகலையே. வாடகை வீட்டுக்கு வெள்ளை போட்டா ஒரு துளி விழுந்தாலும் தெரியும், கேட்டோ. தினமும் தொடச்சிட்டே இருக்கணும்."

"எடுத்து வை."

அவன் சொரசொரப்பான வெள்ளை டைல்களைத் தரையில் பரப்பி வைத்தான். கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குங்குமத்தை உள்ளங்கையில் கரைத்தாள். சுண்டுவிரலால் தொட்டு ஒரே ஒரு சொட்டை நடுவில் விட்டாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, வெறும் கண்ணோடு கடையின் வாசல்வரை நடந்துபோய்த் திரும்பி நின்றாள். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். வந்து, அதை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, வேறு வெள்ளையைப் பரப்பச் சொன்னாள். மறுபடி ஒரு சொட்டு. மறுபடி வாசல்வரை நடை. விஜய்குமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஏனோ கிண்டல் பண்ணவும் வரவில்லை.

அடுத்ததற்கு வாசலில் நின்றபடியே சொன்னாள். "இது தெரியறது. கண்ணாடி இல்லாமலே தெரியறது. இதைப் போடு. வரம்பெல்லாம் உருட்டி உரசித் தரணும்னு தாசையன்கிட்ட சொல்லிட்டேன்."

"சரி மாமி. ஆனா எதுக்காக்கும் இவ்வளவு பாக்குறீங்க? வாடகைக்குத்தானே?"

லலிதாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கையில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தாள்.

"நாங்கதான் இருக்கப் போறோம்" என்றாள். "அவருக்கு இன்னும் ஒரு கால் இருக்கு."